உளவள ஆலோசனையில் மதமும் ஆன்மிகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தமிழில் உளவள ஆலோசனை வழங்குவோருக்காகவும், ஆலோசனை பெற நினைப்போருக்காகவும், அவர்களை அழைத்துவரும் குடும்பத்தாருக்காகவும் எழுதப்பட்டது. ஆலோசகர் ஒரு மதத்தவராகவும் வந்தவர் வேறு மதத்தவராகவும் இருக்கும்போது எழும் கேள்விகளே இவற்றில் பெரும்பாலானவை. தமிழ்நாட்டு நிலவரமே முதன்மையாகப் பேசப்படுகிறது. இத்துறையின் நெறிமுறைகள் பல அமெரிக்காவில் உருவானவை என்பதால், தேவையான இடங்களில் அவையும் வருகின்றன.

மன உளைச்சலுக்காக வந்தவரிடம் மதத்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? கேட்காமல் இருப்பதுதானே நடுநிலை?

கேட்காமல் இருப்பதும் ஒரு நிலைப்பாடுதான். இந்த அறையில் சாமியைப் பற்றிப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று வந்தவர் புரிந்துகொள்வார். அதன்பின் தன் வாழ்க்கையில் பாதியைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து உட்காருவார்.

தமிழ்நாட்டில் உளவள ஆலோசகரிடம் வருபவர் பலருக்கு அது முதல் வாசல் கிடையாது. ஜாதகம் பார்த்துப் பரிகாரம் செய்து, தர்காவில் ஓதி ஊதித் தாயத்துக் கட்டி, அல்லது உபவாச ஜெபத்தில் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லி, எதிலும் தீராதபோதுதான் யாரோ ஓர் உறவினர் சொல்லி இங்கே வருகிறார்கள். அந்தப் பயணத்தைக் கேட்காத ஆலோசகருக்கு, துன்பம் எப்போது தொடங்கியது, வீட்டார் அதை என்னவாகப் புரிந்துகொண்டார்கள், எவ்வளவு பணமும் நம்பிக்கையும் ஏற்கெனவே செலவாகிவிட்டன என்பவை தெரியாமலே போகும்.

துறையின் பழைய தயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சிக்மண்ட் ஃப்ராய்டு 1927இல் மதத்தை ஒரு மாயை என்று எழுதினார். அவருக்குப் பின்வந்த சிகிச்சையாளர்கள் பலர் நம்பிக்கையை முதிர்ச்சியின்மையின் அடையாளமாகவே பார்த்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில், 1994இல் வெளிவந்த 4ஆம் பதிப்பில்தான், ‘மத அல்லது ஆன்மிகப் பிரச்சினை’ என்பது நோய் என்ற முத்திரையில்லாமல், கவனிக்கத்தக்க ஒரு நிலையாகத் தனி இடம் பெற்றது. நம்பிக்கை ஆட்டம் காண்பது, மதம் மாறியபின் வரும் குழப்பம் போன்றவற்றை நோய்ப்பெயர் சூட்டாமல் பேச அது வழிவிட்டது.

சரி, எப்படிக் கேட்பது? முதல் அமர்விலேயே கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் படிவத்தில் ‘மதம்’ என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்வது கேட்டதாகாது. மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் உருவாக்கிய ‘ஃபிக்கா’ என்ற எளிய முறை இன்றும் பயன்படுகிறது. நம்பிக்கை எது, அது வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், அதைப் பகிர்ந்துகொள்ளும் சமூகம் எது, சிகிச்சையில் அதற்கு என்ன இடம் தர வேண்டும் என்ற நான்கு இழைகளைக் கொண்டது அது. 2013இல் வந்த நோயறிதல் கையேட்டின் 5ஆம் பதிப்பிலுள்ள, 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலும், பிரச்சினைக்குக் காரணம் என்று வந்தவரும் அவருடைய சுற்றத்தாரும் எதை நினைக்கிறார்கள் என்றும், இதற்கு முன் எங்கெல்லாம் உதவி தேடினார்கள் என்றும் விசாரிக்கிறது.

இவற்றை அப்படியே மொழிபெயர்த்து வாசித்தால் தாலுகா அலுவலக விசாரணைபோல் இருக்கும். பேச்சுத் தமிழில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “ரொம்பக் கஷ்டமான நேரத்துல உங்களுக்குத் தெம்பு குடுக்கறது எது?” “இங்க வர்றதுக்கு முன்னாடி வேற எங்கயாவது போய்ப் பாத்தீங்களா?” “இது எதனால வந்துச்சுன்னு வீட்டுல சொல்றாங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?” “கோயிலுக்குப் போறது, தொழுகை, ஜெபம், அப்படி ஏதாவது பழக்கம் உண்டா? இப்பவும் செய்ய முடியுதா?”

கடைசிக் கேள்வியின் பின்பாதியை விட்டுவிடாதீர்கள். இருபது வருடமாக வெள்ளிதோறும் விளக்கேற்றியவர் சில மாதங்களாகத் திரியைத் தொடவில்லை என்றால், அது எதிலும் நாட்டமற்றுப் போகும் மனச்சோர்வாக இருக்கலாம். மகனைப் பறித்துக்கொண்ட சாமியின் மேல் உள்ள கோபமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஆலோசனை வேறு வேறு.

இன்னோர் எச்சரிக்கை நம் ஊருக்கே உரியது. “உங்க குலதெய்வம் எது?” என்பது கேட்பவருக்குச் சாதாரண விசாரிப்பு, கேட்கப்படுபவர் காதில் அது பெரும்பாலும் “நீங்க என்ன ஆளுங்க?” என்றே விழும். சாதி அறியப் பயன்படும் கேள்வியை, அது தேவைப்படாத இடத்தில் ஆலோசகர் கேட்கக் கூடாது. வந்தவர் தானே அந்தப் பேச்சுக்கு வந்தால் பின்தொடரலாம்.

வந்தவருடைய மதம் எனக்குத் தெரியாது. நான் எப்படி அவருக்கு உதவ முடியும்?

தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தெரிந்ததாக நினைப்பவர் கேட்கவே மாட்டார். என் அனுபவத்தில், ஒரே மதத்தைச் சேர்ந்த ஆலோசகரிடம்தான் அதிகமான பிழைகள் நடக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் சுமார் 87.6 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6.1, முஸ்லிம்கள் 5.9. இந்த எண்களுக்குள் எத்தனை உலகங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஏகாதசி விரதம் தவறாத ஸ்ரீரங்கத்து வைணவரும், சுடலைமாடனுக்குக் கிடா வெட்டும் நெல்லைச் சீமைக்காரரும் ஒரே கட்டத்தில்தான் எண்ணப்படுகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் கத்தோலிக்கருக்கு மாதா சொரூபம் ஆறுதல். பெந்தெகொஸ்தே சபைக்காரருக்கு அதே சொரூபம் விலக்கப்பட்ட ஒன்று. நாகூருக்குப் போகும் முஸ்லிமும், தர்கா வழிபாடே கூடாது என்னும் தவ்ஹீத் அமைப்பைச் சேர்ந்தவரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள்.

சான்றிதழும் வாழ்க்கையும் ஒத்துப்போகாத நிலையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கும், பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அளித்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அது இல்லை. அதனால் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகும் ஒருவர் அலுவலகப் பதிவில் இந்துவாகவே இருக்க நேரிடலாம். அந்த இரட்டை வாழ்க்கையின் அச்சத்தைப் பேசத்தான் அவர் வந்திருக்கவும் கூடும். அவருடைய கோப்பில் ‘மதம்’ என்ற இடத்தில் நீங்கள் எதை எழுதுகிறீர்கள் என்பது அவருடைய வேலையையே பாதிக்கலாம். ஆகவே எழுதுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தில் ஆன்மிகத்தையும் மதத்தையும் கவனிக்கும் பிரிவான ‘அசெர்விக்’ 2009இல் திருத்தி வெளியிட்ட 14 திறன்களில் ஒன்று, ஆலோசகர் தன் அறிவின் எல்லையை உணர்ந்து, கலந்தாலோசிக்கத் தக்க மதத் தலைவர்களை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்), ஒரு அருட்தந்தை, ஒரு போதகர், ஊர்க்கோயில் பூசாரி ஒருவர் என நாலு பேருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருப்பது, நாலு மதங்களைப் பற்றிய பாடநூல்களைப் படித்திருப்பதைவிட மேல்.

ஆலோசனை அறையில் சாமி படம் வைக்கலாமா? பொட்டு, சிலுவை, தொப்பி?

உடம்பில் அணிவது ஆலோசகரின் உரிமை. அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அறை அப்படியல்ல, அது வந்தவருக்கும் உரியது. சீரியல் விளக்குப் போட்ட பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, தான் இஸ்லாத்தைத் தழுவியதால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதை ஒரு பெண் எளிதில் சொல்லிவிட மாட்டார். படத்தை வீட்டுப் பூசையறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வரவேற்பறையில் இருந்தால் பரவாயில்லை என்பாரும் உண்டு.

“நீங்க சாமி கும்புடுவீங்களா?” என்று வந்தவரே கேட்டால்?

பொய் சொல்ல வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருக்கும்: நான் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பீர்களா, என்னை மாற்றப் பார்ப்பீர்களா என்பதே அது. ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, “அது உங்களுக்குத் தெரிஞ்சா பேச வசதியா இருக்கும்னு நினைக்கிறீங்களா?” என்று திரும்பக் கேட்டால் அந்த உட்கேள்வி வெளியே வரும்.

சேர்ந்து ஜெபிக்க வேண்டும், துவா செய்ய வேண்டும் என்று கேட்டால்?

இதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. வந்தவர் ஜெபிக்கும்போது ஆலோசகர் மரியாதையோடு அமைதியாக உடனிருப்பதைப் பலரும் ஏற்கிறார்கள். ஆலோசகரே முன்நின்று ஜெபிப்பதை நான் ஏற்கவில்லை. ஜெபம் கேட்கப்படாமல் போய்விட்டால், அந்த ஏமாற்றத்தைப் பேச வந்தவருக்கு இடமே இருக்காது. ஜெபித்தவரிடமே போய் அது பலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆலோசகர் தானாக முன்வந்து “வாங்க ஜெபிக்கலாம்” என்று அழைப்பதோ தவறு என்றே சொல்ல வேண்டும். அறையில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை மறந்தவர்தான் அதை ஓர் அழைப்பு என்று நினைப்பார்.

என் மத நம்பிக்கைக்கு ஒவ்வாத வாழ்க்கை வாழ்பவர் வந்தால், வேறோர் ஆலோசகரிடம் அனுப்பிவிடலாமா?

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன கேள்வி. 2009இல் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் பயிற்சியில் இருந்த ஜூலியா வார்டு என்ற மாணவி, தன் கிறிஸ்தவ நம்பிக்கையைக் காரணம் காட்டி, ஓரினச் சேர்க்கையாளர் ஒருவரை வேறொருவரிடம் அனுப்பக் கேட்டார். பல்கலைக்கழகம் அவரைப் படிப்பிலிருந்து நீக்கியது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது; அதே ஆண்டு இறுதியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் ஏறக்குறைய இதே காலத்தில் நடந்த இன்னொரு வழக்கில் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 2014இல் திருத்தப்பட்ட அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் நெறிமுறை, ஆலோசகரின் சொந்த விழுமியங்களை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 2016இல் டென்னசி மாநிலம் இதற்கு நேர்மாறாக, ஆலோசகரின் ஆழ்ந்த கொள்கையின் பேரில் மறுக்க இடமளிக்கும் சட்டம் இயற்றியது; சங்கமோ தன் 2017 மாநாட்டை அம்மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக்கொண்டது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒருவரையொருவர் காதலித்த இரு பெண்கள் பாதுகாப்புக் கோரித் தொடர்ந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று கருதி, தானே ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்றார். அதை உத்தரவிலும் பதிவு செய்தார். பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்தார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஜெபத்தாலோ மந்திரத்தாலோ மாற்றித்தர முடியுமா என்று பெற்றோர் பிள்ளையை அழைத்துவரும்போது, ஆலோசகர் தெளிவாகச் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே.

திறன் போதாமல் அனுப்புவது வேறு. எண்ணச் சுழற்சி நோயில் (ஓ.சி.டி.: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் நோய்) பயிற்சி இல்லாத ஆலோசகர் அதற்குத் தேர்ந்தவரிடம் அனுப்புவது கடமை. மனம் ஒப்பாமல் அனுப்புவதைத் திறன் போதாமை என்ற பெயரில் மறைப்பதுதான் வழக்கமாக நடக்கும் ஏமாற்று.

சாமியாடல், பேய் பிடித்தல், செய்வினை: இவை நம்பிக்கையா, நோயா?

ஆடித் திருவிழாவில் உடுக்கைச் சத்தத்துக்குச் சாமி வந்து ஆடும் அம்மா, விபூதி கொடுத்து அருள்வாக்குச் சொல்லி, மலையேறியதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார். அதற்கென்று காலமும் இடமும் இருக்கின்றன; ஊர் அதை அறிந்து ஏற்கிறது; அவருக்கும் அதனால் துன்பமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பின் 11ஆம் பதிப்பு, ஆவி ஆட்கொண்டது போன்ற நிலையைக் கோளாறு என்று சொல்ல வேண்டுமானால், அது விருப்பமின்றி நிகழ்வதாகவும், பண்பாட்டாலோ மதத்தாலோ ஏற்கப்பட்ட வழக்கத்துக்குள் அடங்காததாகவும், துன்பமோ செயலிழப்போ தருவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், ஒருவர் எந்த மதக் குழுவைச் சேர்ந்தவர் என்பதையோ, சமூகத்தில் நிலவும் மத நம்பிக்கைகளோடு அவர் ஒத்துப்போகவில்லை என்பதையோ வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

எல்லைக்கோடு மங்கும் இடத்தில் எனக்கு மிகவும் உதவிய கேள்வி, “உங்க சபையில, உங்க ஊர்ல மத்தவங்களும் இப்படித்தான் சொல்றாங்களா?” என்பது. ஆண்டவர் பேசினார் என்பது சபையில் எல்லோரும் சொல்லும் சாட்சிதான். ஆனால் போதகரே தனியாக வந்து, “தம்பி சொல்றது எங்களுக்கே பயமா இருக்குங்க, தூங்கறதில்ல, சாப்பாட்டுல விஷம்ங்கறான்” என்றால், அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பேய் பிடித்த நிலையை அதன் உள்ளடக்கத்துக்காகவும் கேட்க வேண்டும். புதிதாக வாழ்க்கைப்பட்ட பெண் சாதாரணமாகச் சொன்னால் யாரும் கேட்காத ஒன்றை, பேய் அவள் வாயால் சொல்லும்போது வீடே நின்று கேட்கிறது. பேயை ஓட்டியபின் அந்தச் சொல்லையும் சேர்த்து ஓட்டிவிட்டால், அவளுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. மாமனார் வீட்டில் அவளுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தனியாக, வேறு யாரும் இல்லாத அறையில் கேளுங்கள்.

செய்வினை என்று நம்புபவரோடு வாதம் செய்து பயனில்லை. யார் வைத்ததாக நினைக்கிறார், அவரை என்ன செய்யப் போவதாக எண்ணுகிறார் என்பதை மட்டும் கேட்காமல் விடக் கூடாது. சந்தேகம் ஓர் ஓரகத்தியின் மேலோ பக்கத்து வீட்டு விதவையின் மேலோ குவிந்தால், ஆபத்தில் இருப்பவர் அந்த மூன்றாம் நபர்.

கோயிலிலோ தர்காவிலோ தங்கி குணமாக்க விரும்புகிறோம். மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. தங்குவதற்கு அநேகமாகத் தடையில்லை. இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியதால் வந்த கேட்டைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைக்கத் தனியார் நடத்திய ஒரு கூரைக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மந்திரித்தவர் சொன்னார், வீட்டார் சம்மதித்தார்கள் என்பதெல்லாம் அதற்கு விலக்காகாது.

மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமல் சராசரியாக ஆறு வாரம் தங்கி, கோயிலின் சிறு வேலைகளைச் செய்து வந்தவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை வைத்து மருந்து வேண்டாம் என்று முடிவு கட்ட இயலாது. அடைத்து வைக்கப்படாத, அடிக்கப்படாத, வேலையும் மரியாதையும் கிடைக்கிற ஓரிடத்தில் மனிதர்கள் தேறுகிறார்கள் என்பதைச் சொல்ல அது போதும்.

இரண்டையும் சேர்க்கும் முயற்சி குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதர் தர்காவில் 2008இல் தொடங்கியது. அதன் பெயர் ‘தவா-துவா’. ‘தவா’ என்றால் மருந்து, ‘துவா’ என்றால் பிரார்த்தனை; தர்காவைக் கவனித்துக்கொள்ளும் முஜாவர்களே வந்தவர்களை வளாகத்திலுள்ள மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதே முறை ஏர்வாடிக்கும் வந்தது. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் 48 நாள் தங்கும் வழக்கம் உள்ள பெருமாள் கோயிலிலும் மனநல மருத்துவப் பராமரிப்பு இணைந்திருக்கிறது. எனவே வீட்டார் ஒரு மண்டலம் தங்கப் போகிறோம் என்று சொன்னால், ஆலோசகர் கேட்க வேண்டியவை: மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள், கட்டி வைப்பார்களா, பெண்ணாக இருந்தால் இரவில் எங்கே படுப்பார், எந்த நாளில் மருத்துவரைத் திரும்பப் பார்ப்பார்.

மதமே வலிக்குக் காரணமாக இருந்தால் என்ன செய்வது?

உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், துன்பத்தில் மதத்தைப் பற்றிக்கொள்வதில் இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார். கடவுள் துணையிருக்கிறார் என்ற உணர்வு ஒரு வகை. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற உணர்வு மற்றொன்று. 55 வயதுக்கு மேற்பட்ட 596 உள்நோயாளிகளை அவரும் குழுவினரும் இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகைப் போராட்டத்தில் இருந்தவர்களுக்கு இறப்பு வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. “சாமி மேல நம்பிக்கை வைங்க, சரியாயிரும்” என்ற அறிவுரை, இந்த இரண்டாம் வகையினருக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையின் தாயிடம் “எல்லாம் முன்ஜென்மக் கர்மவினை” என்று ஊரே சொல்லியிருக்கும். அதை மூடநம்பிக்கை என்று ஆலோசகர் ஒரே வெட்டாக வெட்டினால், வினைப்பயனை நம்பும் அந்தத் தாய் தனியாக நின்றுவிடுவார். அவரது வழிபாட்டுக்குள்ளேயே இருக்கும் வேறு குரல்களை அவரே தேடிப்பார்க்க விடுவது நல்லது. “நீங்க கும்பிடுற முருகன், ஒரு தாயைத் தண்டிக்கறதுக்காகக் குழந்தையைக் கஷ்டப்படுத்துவார்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பதிலை ஆலோசகர் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, மதக் கடமையின் வடிவில் வரும் எண்ணச் சுழற்சி நோய். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைச் செய்யும்போது முழங்கை நனைந்ததா என்ற ஐயம் தீராமல் மறுபடி மறுபடி கழுவி, ஜமாஅத் தொழுகையையே தவறவிடும் இளைஞர். ஒரே பாவத்தை வாரந்தோறும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் மன்னிப்புக் கிடைத்ததாக நம்பாத கத்தோலிக்கப் பெண். மடி கெட்டுவிட்டதென்று பகல் முழுதும் குளிக்கும் மூதாட்டி. இதைப் பக்தியின் மிகுதி என்று வீட்டார் பெருமைப்படுவதும் உண்டு. சிகிச்சை என்பது, ஐயத்தோடு இருந்துகொண்டே மறுபடி கழுவாமல் இருக்கப் பழகுவது. தொழுகையை விடச் சொல்லும் ஆலோசகரை அந்த இளைஞர் மறுமுறை பார்க்க வர மாட்டார். இந்த ஊசலாட்டத்தை முஸ்லிம்கள் வஸ்வாஸ் என்ற பெயரில் ஏற்கெனவே அறிவார்கள். ஐயத்தைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடரலாம் என்று அவருடைய இமாமே சொன்னால், பயிற்சி எளிதாகிறது.

மதத்தை விட்டு வெளியேறியவரின் துக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். நம்பிக்கையோடு கூடவே பாட்டு, பண்டிகை, சோறு, உறவு எல்லாம் போய்விடும். விடுதலை கிடைத்ததே என்று வாழ்த்துவதற்கு முன், போனவற்றை எண்ணி அழ அவருக்கு நேரம் கொடுங்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவரிடம் இதையெல்லாம் கேட்கத் தேவையில்லை அல்லவா?

தேவை. சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த குடும்பங்களில் மூன்று தலைமுறையாகப் புரோகிதரில்லாமல் திருமணம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரு மரபு. அப்பா இறந்தபோது சடங்கு வேண்டாம் என்று அவர் எழுதிவைத்தபடி செய்துவிட்டு, உறவினர் ஏச்சையும் தன் மனத்தில் எழும் வெறுமையையும் சுமக்கும் மகளுக்கு, சடங்கில்லாத துக்கத்தை எப்படிக் கடப்பது என்பது உண்மையான கேள்வி. அவரிடம் தியானத்தையோ ‘ஆன்மிக’ மூச்சுப் பயிற்சியையோ நீட்டுவதும் திணிப்புத்தான்.

வேறு வேறு மதத்தைச் சேர்ந்த தம்பதியருக்கு ஆலோசனை தருவதில் என்ன கவனிக்க வேண்டும்?

1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்புக் காலமே பலருக்கு முதல் காயம். அந்த நாட்களில் குடும்பங்கள் நடந்துகொண்ட விதம் பின்னாளைய சண்டைகளில் திரும்பத் திரும்ப வரும். காதலிக்கும்போது மதம் பெரிதாகத் தெரிவதில்லை. குழந்தைக்குப் பெயர் வைப்பது, காது குத்து, ஞானஸ்நானம், சுன்னத், பெற்றோர் இறந்தால் யார் எதைச் செய்வது என்று வரும்போது அது எழுந்து உட்காரும். முடிந்தால் குழந்தை பிறப்பதற்கு முன்பே இவற்றைப் பேச வையுங்கள். எந்த வீட்டு வழக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இருவருமே உங்களை உட்காரவைக்கப் பார்ப்பார்கள்.

இறுதிச் சடங்கு செய்ய முடியாமல் போனவர்களின் துக்கத்தை எப்படி அணுகுவது?

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இந்தக் கேள்வியோடு வாழ்கின்றன. உடல் இல்லை, இறந்தார் என்ற செய்தியும் இல்லை. திவசம் கொடுத்தால் தானே மகனைக் கொன்றதாகிவிடும் என்று தாய் அஞ்சுகிறார். கணவர் வருவார் என்று மனைவி பொட்டைக் கலைக்காமல் இருக்கிறார். உளவியலாளர் பவுலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். யதார்த்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இவர்களை நெருக்குவது கொடுமை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் முழுச் சமூகத்தையும் காயப்படுத்துவதால் அதை ஆற்றச் சமூகத்தின் சடங்குகளுக்கும் வழிபாட்டுக்கும் பங்கு உண்டு என்று வலியுறுத்தி வந்தவர். இறப்பை ஒப்புக்கொள்ளாமலே செய்யக்கூடியவையும் உண்டு: பிறந்தநாளில் அன்னதானம், கோயிலில் அர்ச்சனை, கிறிஸ்தவ ஆலயத்தில் அவருக்காக வேண்டி ஒப்புக்கொடுக்கும் ஒரு பூசை. எதைச் செய்வது, எப்போது செய்வது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும்.

அதே நாட்டில் 2020இல் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி, அடக்கம் செய்வதைக் கடமையாகக் கருதும் முஸ்லிம் குடும்பங்கள் மீது சுமத்தப்பட்டது. 2021 பிப்ரவரியில்தான் அது விலக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களின் துயரத்தில் இழப்போடு அவமதிப்பும் சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய கோபத்தைத் தணிக்க வேண்டிய நோய்க்குறியாக ஆலோசகர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூசாரி, போதகர், இமாம் ஆகியோருடன் ஆலோசகர் பேசலாமா?

வந்தவரின் சம்மதத்தோடு மட்டும், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று முன்னமே பேசி முடித்தபின். சிறிய ஊரில் பங்குத்தந்தைதான் பள்ளித் தாளாளராகவும், ஜமாஅத் தலைவர்தான் திருமண வழக்கைத் தீர்ப்பவராகவும் இருப்பார். நல்லெண்ணத்தோடு பகிர்ந்த ஒரு சொல் ஒரு பெண்ணின் திருமணத்தையோ ஒருவரின் வேலையையோ பறித்துவிட முடியும். குற்றம் செய்தவரே மதத் தலைவர் என்று வந்தவர் சொன்னால், அந்த வழியை முற்றாக மூடுங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றமாக இருந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

எந்தச் சூழலில் மதப் பேச்சை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்?

சாகச் சொல்லியோ பிறரைக் கொல்லச் சொல்லியோ குரல் கேட்பது, விரதம் என்ற பெயரில் தண்ணீரும் குடிக்காமல் கிடப்பது, ஜெபித்தால் போதும் என்று இன்சுலின், வலிப்பு மாத்திரை போன்றவற்றை நிறுத்துவது, சாமியிடம் போய்ச் சேர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். “அது பாவம், நான் செய்ய மாட்டேன்” என்ற பதில் நல்ல பாதுகாப்புத்தான், ஆனால் அதோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, தமிழிலும் இரவு பகலாகப் பேசலாம்.

என் ஆலோசகர் தன் மதத்தை என்மீது திணிக்கிறார். நான் என்ன செய்யலாம்?

முதலில், சொல்ல முடிந்தால் அவரிடமே சொல்லுங்கள்: “இதைப் பத்திப் பேச நான் வரலை.” நல்ல ஆலோசகர் உடனே நிறுத்துவார். அவர் தொடர்ந்தால் நீங்கள் விளக்கம் சொல்லாமலே விலகலாம். கொடுத்த கட்டணத்துக்காக அடுத்த அமர்வுக்குப் போக வேண்டியதில்லை. சிகிச்சை உளவியலாளராக இருந்தால் அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்து, அங்கே முறையிட வழியுண்டு. மனநல நிறுவனம் ஒன்றில் நடந்திருந்தால் 2017 சட்டப்படி அந்த நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். வெறுமனே ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியிருப்பவர் விஷயத்தில் நிலைமை சிக்கல்தான்: 2021இல் இயற்றப்பட்ட துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருந்தாலும், யார் வேண்டுமானாலும் பலகை மாட்டும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் முதல் முறை தொலைபேசியில் பேசும்போதே, என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு பெற்றிருக்கிறார், அமர்வுகளில் ஜெபமோ மந்திரமோ ஜாதகமோ உண்டா என்று கேட்டுவிடுங்கள்.